மேல்வாய் திறந்திருக்கட்டும்

இலக்கியம் பேசும் இப்பக்கத்தில் கண்ணாடிக் குடுவைக்கும் ரப்பர்க் குழாய்க்கும் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. தமிழ் இலக்கியம் பயின்று, அதையே பயிற்றுவித்து வாழ்பவன் நான். எனினும் சென்ற கல்வியாண்டில் ஏறத்தாழ மூன்று வாரங்கள், வகுப்பில்லாத நேரங்களையெல்லாம் எங்கள் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் கழித்தேன். அங்கே எழுதி முடித்தது ஒரே ஒரு பக்கம். முப்பது வாக்கியங்கள்கூட இல்லை. ஆயினும் மொழி எதற்காக இருக்கிறது என்னும் கேள்வியை அந்த ஒரு பக்கம் வைத்த அளவுக்குக் கூர்மையாக வேறெதுவும் என்முன் வைத்ததில்லை.

வேதியியல் துறையின் மூத்த பேராசிரியை ஒருநாள் ஆசிரியர் அறைக்கு வந்து ஓர் ஆங்கிலத் தாளை என்முன் வைத்தார். வினைக்கலவையைச் சூடாக்குமுன் கண்ணாடிக் கருவிகளை எவ்வாறு பூட்ட வேண்டும் என்ற குறிப்புகள் அடங்கிய தாள். "ஐயா, இந்த ஒரு பக்கத்த மட்டும் நம்ம பிள்ளைங்களுக்குப் புரியற மாதிரி எழுதித் தாங்க. மொழிபெயர்ப்பு வேண்டாம். புரியணும், அவ்வளவுதான்" என்றார்.

காரணத்தையும் அவரே சொன்னார். முந்தைய வாரம் ஒரு மாணவி, குடுவையின்மேல் நிமிர்ந்து நின்ற கண்டென்சரின் உச்சிவாயில் ரப்பர்த் தக்கை ஒன்றை அழுத்திச் செருகியிருக்கிறாள். கீழே பர்னர் எரியத் தொடங்கிச் சில நொடிகளே ஆகியிருந்தன. பேராசிரியை முதலில் பர்னரை அகற்றினார். பிள்ளைகளைப் பின்னுக்கு அனுப்பினார். குடுவை ஆறும்வரை காத்திருந்து பிறகே தக்கையை எடுத்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏன் மூடினாய் என்று கேட்டதற்கு அந்தப் பெண் சொன்ன விடை: "வாசம் தூக்கலா வந்துச்சுங்க மேடம். ஆவி வீணாப் போயிடக்கூடாதுன்னு மூடினேன்."

மூடிய அமைப்பைச் சூடேற்றலாகாது என்று பொருள்படும் ஆங்கில வாக்கியம் அவளுடைய ரெக்கார்டு நோட்டில், அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது. தேர்வில் கேட்டால் பிழையின்றி எழுதுவாள். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்து, கல்லூரியில் நுழைந்தவுடன் ஆங்கிலத்தை மனப்பாடமாக ஏற்றுக்கொண்ட ஆயிரமாயிரம் பிள்ளைகளில் ஒருத்தி. அந்த வாக்கியம் அவளுடைய நினைவில் இருந்தது. அவளுடைய கைக்கு அது தெரியாது. கைக்குத் தெரிந்தது அடுப்படி. கொதிப்பதை மூடிவைத்தால் விரைவாக வேகும், மணம் போகாது, எரிபொருள் மிச்சம். வீட்டில் அவள் கற்ற அறிவு பொய்யன்று. ஆனால் வீட்டு இட்லிப் பானையின் மூடியில் ஆவி போக வழி இருக்கிறது. பிரஷர் குக்கரில் எடைபோட்ட விசிலும், அது அடைத்துக்கொண்டால் திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வும் இருக்கின்றன. ஆய்வகக் கண்ணாடிக்கு அவை எதுவும் இல்லை. அதற்கு இருக்கும் ஒரே வால்வு, கண்டென்சரின் திறந்த மேல்வாய்தான்.

எழுதுவதற்குமுன் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். சோதனை எளியது. எத்தில் பென்சோயேட்டு என்னும் எஸ்டரைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலோடு சேர்த்து முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும். எண்ணெய்த் துளிகள் மறைந்தால் வினை முடிந்தது என்று பொருள். ஆறவைத்து அமிலம் சேர்த்தால் பென்சாயிக் அமிலம் வெண்ணிறமாகப் பிரிந்து வரும். திறந்த பாத்திரத்தில் அவ்வளவு நேரம் கொதித்தால் நீரும் எஸ்டரும் ஆவியாகிப் போய்விடும். ஆகவே குடுவையின்மேல் கண்டென்சரைச் செங்குத்தாக நிறுத்துகிறார்கள். அதன் உட்குழலில் ஏறும் ஆவி, வெளிக்குழலில் ஓடும் நீரால் குளிர்ந்து, துளியாகி, மீண்டும் குடுவைக்கே இறங்குகிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் அடங்கிவிடும் இச்செயலுக்குக் கலைச்சொல் அகராதிகள் சொற்கள் தந்துள்ளன. நான் அவற்றைத் தாளில் இடவில்லை. 'ஆவி ஏறும், குளிரும், குடுவைக்கே திரும்பும்' என்று எழுதினேன். கலைச்சொல் பெயரைத் தரும். இந்த மூன்று வினைகளும் நடப்பதைக் காட்டும்.

முதல் பாடம் கண்ணாடியைப் பார்ப்பது. ஆய்வக உதவியாளர், எல்லோரும் அண்ணே என்று அழைப்பவர், முப்பது ஆண்டு அனுபவம் உடையவர், குடுவையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெல்லச் சுழற்றிக் காட்டினார். அடியில் ஒரு புள்ளியிலிருந்து நாற்புறமும் ஓடும் நுண்ணிய கீறல், நட்சத்திரம்போல் இருக்கும். அது இருந்தால் அக்குடுவை நெருப்புக்கு உதவாது. போரோசிலிகேட் கண்ணாடி சூட்டைத் தாங்குவதற்குக் காரணம் அது மிகக் குறைவாக விரிவதே. சாதாரணச் சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடி விரிவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அது விரியும். ஜெர்மனியின் யெனா நகரில் ஓட்டோ ஷாட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் உருவாக்கிய வகை இது. 1915இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் பைரெக்ஸ் என்னும் பெயரில் பரவலாக்கியது. ஆனால் எந்தக் கண்ணாடியும் கீறலை மன்னிப்பதில்லை. சூட்டில் பிறக்கும் இழுவிசை முழுவதும் அக்கீறலின் முனையில் வந்து குவிகிறது. குடுவையின் அடி உருண்டையாக இருப்பதும் இதனால்தான். மூலை இல்லாத இடத்தில் விசை ஓரிடத்தில் தங்காமல் பரவிவிடுகிறது.

அடுத்தது பூட்டும் வரிசை. கீழிருந்து மேலே. முதலில் கனமான அடித்தட்டு கொண்ட ஸ்டாண்டு. பிறகு குடுவை. அதன் கழுத்தை ஒரு கிளாம்ப் பிடிக்கிறது. கிளாம்பின் விரல்களில் கார்க்கோ ரப்பரோ ஒட்டியிருக்க வேண்டும், வெறும் இரும்பு கண்ணாடியைத் தொடக்கூடாது. பிடி உறுதியாக இருக்க வேண்டும், நெரிக்கக்கூடாது. கண்டென்சருக்கு இரண்டாவது கிளாம்ப். அது இன்னும் தளர்வாக, சாயாமல் தாங்கினால் போதும். இரண்டையும் இறுக்கிவிட்டால் சூட்டில் விரியும் கண்ணாடிக்கு நகர இடமில்லாமல் போகும். குடுவையின் அடிக்கும் மேசைக்கும் இடையே போதிய இடைவெளி வேண்டும். ஏன் என்று நான் கேட்டதற்கு அண்ணன் சொன்னார்: "அடுப்ப வைக்கிறதுக்கு மட்டும் இல்லீங்க ஐயா, டக்குனு எடுக்குறதுக்கு." கருவியைக் கலைக்காமல், ஒரே அசைவில் நெருப்பை விலக்க முடிய வேண்டும். எடுக்கும் வழியை முதலில் அமைத்துவிட்டுத்தான் நெருப்பை வைக்க வேண்டும். இதைவிடச் செறிவான அறிவுரையை நான் அறநூல்களிலும் அதிகம் கண்டதில்லை.

தாளில் கிளாம்ப் என்பதற்கு என்ன சொல் இடுவது என்ற பேச்சு வந்தது. பிடிப்பான், கவ்வி, பற்றி என்றெல்லாம் நான் வரிசைப்படுத்தினேன். அண்ணன் அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கேட்டா நான் எடுத்துக் குடுக்குற பேரு எதுவோ, அதையே போடுங்க ஐயா." மறுக்க இயலாத அளவுகோல் அது. கிளாம்ப், ஸ்டாண்டு, கண்டென்சர், பர்னர் ஆகியவை அப்படியே நின்றன. இதற்கு முன்னோடியும் உண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீனின் முயற்சியால் 1875இல் வெளிவந்த தமிழ் வேதியியல் நூலின் பெயர் 'கெமிஸ்தம்'. நூலின் பெயரே அயற்சொல்லைத் தமிழ் நாவுக்கு ஏற்றவாறு வளைத்துக்கொண்டது. பெயர்ச்சொல் எங்கிருந்தும் வரலாம். ஒரு மொழி தன் வேலையைச் செய்கிறதா என்பது வினைச்சொல்லில் தெரியும்.

குடுவையில் பாதிக்குமேல் நிரப்பாதிருப்பது நல்லது. எவ்விதத்திலும் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டலாகாது. கொதிக்கும் நீர்மத்துக்கு எழும்ப இடம் வேண்டும். அதோடு இரண்டு மூன்று பீங்கான் துண்டுகள். மெருகில்லாத அப்பீங்கானின் நுண்துளைகளில் காற்று ஒளிந்திருக்கிறது. அதிலிருந்து சிறு குமிழிகள் ஓயாமல் எழுவதால் கொதி சீராகிறது. இல்லாவிட்டால் நீர்மம் கொதிநிலையைக் கடந்தும் அசையாமல் கிடந்து, ஒரு கணத்தில் ஒட்டுமொத்தமாகத் துள்ளி எழும். இங்கே நீர்மம் சுடுகாரம். கண்ணில் பட்டால் அமிலத்தைவிட ஆழமாக அரித்துச் செல்லும் பொருள். ஆகவே பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தே வேலை.

பீங்கான் துண்டைக் குளிர்ந்த நீர்மத்தில்தான் போட வேண்டும். மறந்துபோய்ச் சூடேறிய பின் போட்டால், எந்தத் துள்ளலைத் தடுக்க நினைத்தோமோ அதையே நாம் வரவழைத்தவர்கள் ஆவோம். ஒருமுறை ஆறிய பின் மீண்டும் சூடேற்றுவதானால் புதிய துண்டுகள் வேண்டும். பழையவற்றின் துளைகளில் காற்றுக்குப் பதில் நீர்மம் புகுந்திருக்கும். 'சூடேற்றுமுன் சேர்க்கப்பட வேண்டும்' என்றிருந்தது மூலக் குறிப்பின் நேர்த்தமிழ். யாரால்? மறந்தால் என்ன செய்வது? செயப்பாட்டு வினை இக்கேள்விகளைக் கேட்பதில்லை. நான் எழுதியது: 'துண்டுகளைப் போட்டுவிட்டுத் தீயை ஏற்று. போட மறந்தாயா? தீயை எடு. முழுவதும் ஆறவிடு. பிறகு போடு.'

இந்த இடத்தில் எனக்கு நம் இலக்கணத்தின் ஓர் எளிய வலிமை புலப்பட்டது. இறந்தகால வினையெச்சத்தைப் பல்லாண்டுகளாக வகுப்பில் நடத்துகிறேன். ஒரு செயல் முடிந்த பின்னரே அடுத்தது என்பதை அது தன் வடிவத்திலேயே சுமந்து நிற்கிறது. 'நீர் ஓடுவதை உறுதிசெய்யும்வரை தீ மூட்டலாகாது' என்னும் வாக்கியத்தில் முன்னால் செய்ய வேண்டியதும் பின்னால் செய்யக்கூடாததும் பின்னிக் கிடக்கின்றன. 'நீரைத் திறந்துவிட்டுத் தீயை ஏற்று' என்னும்போது கண் படிக்கும் வரிசையும் கை செய்யும் வரிசையும் ஒன்றாகிவிடுகின்றன. பதற்றத்தில் இருக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வேறுபாடு சிறியதன்று.

நீரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. கண்டென்சர் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக்கின் பெயரைத் தாங்கியிருந்தாலும் அவர் அதைப் பரப்பியவரே. 1771இலேயே வைகல் என்பவர் இத்தகைய கருவியை விவரித்திருந்தார். இருநூற்றைம்பது ஆண்டுகளாக மாறாத விதி ஒன்று: நீர் கீழ்வாயில் நுழைந்து மேல்வாயில் வெளியேற வேண்டும். மேலிருந்து விட்டால் நீர் ஒருபுறமாக வழிந்து கீழே போய்விடும், உறை நிரம்பாது. கீழிருந்து ஏறினால் நிரம்பாமல் வெளியேற அதற்கு வழியில்லை. ரப்பர்க் குழாய்களைக் கண்டென்சரைக் குடுவையில் பொருத்துவதற்கு முன்பே மாட்டிவிட வேண்டும். பொருத்திய பின் அழுத்தினால் நெம்புகோல்போல் ஆகி இணைப்பு முறியும். குழாயின் முனையை நீரில் நனைத்து, கையில் துணி சுற்றி, முனைக்கு அருகே பிடித்துச் சுழற்றி ஏற்ற வேண்டும். ஆய்வகங்களில் நெருப்பைவிடக் கண்ணாடி முறிந்து கிழித்த கைகளே அதிகம் என்பது அண்ணனின் கணக்கு. குழாயின் மேல் கம்பியோ கிளிப்போ கட்ட வேண்டும். பிற்பகலில் பக்கத்து மேசைக்காரர்கள் குழாயை மூடும்போது அழுத்தம் ஏறி, கட்டாத குழாய் கழன்றுவிடும். நீர் மெல்ல ஓடினால் போதும். ஆவி குளிர்ந்து துளியாகும் வளையம் கண்டென்சரின் கீழ்ப்பாதியைத் தாண்டி ஏறினால் தீ மிகுதி அல்லது நீர் குறைவு.

குளிர்நீர் நின்றால் என்ன நேரும் என்பதை உலகம் பெரிய அளவிலும் கண்டிருக்கிறது. 2007ஆம் ஆண்டு டிசம்பர் 19 அன்று அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில்லில் டி2 லேபரட்டரீஸ் என்னும் ஆலையில் வினைக்கலன் ஒன்று வெடித்து நால்வர் இறந்தனர். வெப்பத்தை உமிழும் வினை. குளிர்விப்பு தவறியதும் அது கட்டுமீறிப் போயிற்று. அழுத்தத்தை வெளியேற்ற வைத்திருந்த வழி போதவில்லை. எங்கள் பிள்ளைகளின் நூறு மில்லிலிட்டர்க் குடுவையை அதனோடு ஒப்பிட முடியாதுதான். ஆனால் கேள்விகள் இரண்டிடத்திலும் அவையே: வெப்பம் எவ்வழியே போகிறது, ஆவி எவ்வழியே போகிறது.

ஆவி போகும் வழி பற்றிய பகுதியைத்தான் நாங்கள் அதிகமுறை திருத்தினோம். 'மூடிய அமைப்பு' என்பது தமிழ்தான், ஆனால் அதைப் படித்து யாரும் தக்கையை நினைக்கமாட்டார்கள். இறுதியில் நின்றது இது: 'கண்டென்சரின் மேல்வாயை எதனாலும் அடைக்காதே. ஆவி வெளியேற அது ஒன்றே வழி. அடைத்தால் குடுவை வெடிக்கும். வாசம் வந்தால் தீயைக் குறை, நீரைப் பார்.' ஒரு பங்கு நீர் கொதித்து ஆவியானால் திறந்த காற்றில் 1,600 மடங்குக்கும் மேல் விரிகிறது. விரிய இடமில்லாதபோது அவ்விரிவே அழுத்தமாகிக் கண்ணாடியின்மேல் சாய்கிறது. காற்றிலுள்ள ஈரம் உள்ளே புகலாகாத சோதனைகளிலும் மேல்வாயை அடைப்பதில்லை. கால்சியம் குளோரைடு நிரப்பிய குழல் ஒன்றை மாட்டுகிறார்கள். ஈரம் அதில் சிக்கும், காற்று போய்வரும்.

இதைக் கேட்டபோது எனக்குச் சித்த மருத்துவர்களின் குப்பி நினைவுக்கு வந்தது. பூரணச் சந்திரோதயம் போன்ற மருந்துகளைச் செய்வோர், சீலையில் மண்ணைப் பூசிக் கண்ணாடிக் குப்பியைப் பல சுற்றுச் சுற்றி, உலர்த்தி, மணல் நிரம்பிய சட்டியில் புதைத்து எரிப்பார்கள். தீயைத் தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என்று படிப்படியாகவே ஏற்றுவார்கள். மணல், சூட்டைப் பரவலாகவும் மெதுவாகவும் கொடுக்கிறது. சீலைமண், கண்ணாடியைக் காக்கிறது. கந்தகப் புகை வெளியேறும்வரை குப்பியின் வாய் திறந்தே இருக்கும். கந்தகம் கழுத்தில் படிந்து அடைத்துக்கொண்டால் பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் செலுத்தி வழியைத் திறந்துவிடுவார்கள். புகை ஓய்ந்த பிறகே வாயை அடைப்பார்கள். பேராசிரியையிடம் இதை விவரித்தபோது அவர் வியந்தார். வெப்பத்தைப் பரப்பு, மெல்ல ஏற்று, வாயைத் திறந்து வை: இம்மூன்றும் அவருடைய தாளிலும் இருந்தவை. அந்தக் கைவினையாளர்கள் அறிந்த உண்மைக்கு நம் மொழியில் சொற்கள் ஏற்கெனவே இருந்திருக்கின்றன. பள்ளிக்கும் ஆய்வகத்துக்கும் அவை வந்து சேரவில்லை.

தீயின் வகையையும் தாளில் சேர்த்தோம். இச்சோதனையில் நீரே பெரும்பகுதி என்பதால் கம்பிவலைக்குக் கீழே பர்னர் வைக்கலாம். ஈதர் போன்றவற்றுக்குத் திறந்த சுடர் அறவே ஆகாது. ஈதர் 35 பாகைக்குள்ளாகவே கொதித்துவிடும். அதன் ஆவி காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. மேசைமேல் கண்ணுக்குத் தெரியாமல் தவழ்ந்து, தொலைவிலுள்ள சுடரைத் தொட்டுத் திரும்பி வரும். அங்கெல்லாம் வெந்நீர்த் தொட்டியோ மின்சார ஹீட்டிங் மேன்டிலோதான்.

முடிப்பதும் தொடங்கியதன் தலைகீழ் வரிசை. தீயை எடுத்து, கொதி அடங்கி, குடுவை ஆறிய பிறகே நீரை நிறுத்த வேண்டும். கலைப்பது மேலிருந்து கீழே. காரம் பட்ட தேய்ப்பு இணைப்புகளை உடனே பிரித்துக் கழுவ வேண்டும். காரம் கண்ணாடியை மெல்லத் தின்று, இரண்டு பரப்புகளையும் ஒன்றாகப் பற்றவைத்துவிடும். பூட்டும்போது இணைப்பில் மெல்லியதாகக் கிரீஸ் தடவுவது அதனால்தான்.

தாளை ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அதைவிட முக்கியமான மாற்றம் ஒன்றைப் பேராசிரியை செய்திருக்கிறார். தீக்குச்சியைத் தொடுமுன் ஒவ்வொரு மாணவரும் மூன்று கேள்விகளுக்கு வாய்விட்டு விடை சொல்ல வேண்டும். ஆவி எந்த வழியாகப் போகும்? நீர் எந்த வழியாக வரும்? தீயை எப்படி எடுப்பாய்? எந்த மொழியில் சொன்னாலும் சரி. ஆனால் மனப்பாட வாக்கியம் ஏற்கப்படாது; முன்னால் நிற்கும் கருவியை விரலால் தொட்டுக் காட்டியே சொல்ல வேண்டும்.

பெரும்பாலோர் தமிழில் சொல்கிறார்கள் என்றார். கொங்குத் தமிழும் மதுரைத் தமிழும் ஆங்கிலப் பெயர்ச்சொற்களும் கலந்த தமிழ். இலக்கியத் தூய்மை பேசுவோர் முகம் சுளிக்கலாம். அறிவியல் தமிழ் என்று நாம் மேடைகளில் முழங்குவதெல்லாம் பெரும்பாலும் சொல்லாக்கத்தோடு நின்றுவிடுகிறது. ஒரு விதியைச் சொல்லிவிட்டு, 'ஏனென்றால்' என்று தொடங்கி அடுத்த வாக்கியத்தைத் தன் சொந்த மொழியில் முடிக்க ஒரு பிள்ளைக்கு முடிகிறதா என்பதே என்னளவில் இனி அதற்கான சோதனை. அந்த இரண்டாவது வாக்கியம் இருக்கும் இடத்தில்தான் எச்சரிக்கை கைக்குப் போய்ச் சேர்கிறது. இந்த ஆண்டு பேராசிரியை அடுத்த தாளைக் கொண்டுவந்திருக்கிறார். அமிலத்தை நீரில் ஊற்றுவதா, நீரை அமிலத்தில் ஊற்றுவதா என்பது பற்றியது. ஏனென்றால் என்று தொடங்க வேண்டிய இடத்தை முதலில் குறித்துக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.